அடக்கமான பெண்ணுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம்

என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுதியிருக்கிறேன். அதுவும் இன்னொருவர் பெயரில். ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் கலியாணமாகி லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தேன். கணவர் வேலைக்குப் போனபின் பேச்சுத்துணைக்குத் தொலைக்காட்சி மட்டும்தான். அதன் ஆங்கிலம் எனக்கு விளங்காது. (என்னுடையது அதற்கும் விளங்கியிராது.) அப்போதுதான், யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியின் பழைய மாணவிகளுக்கு லண்டனில் ஒரு சங்கம் இருப்பது தெரியவந்தது. சேர்வதென்றால் இரண்டு மூத்த மாணவிகளின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். பிறகு தேநீர் விருந்தில் ஆளைப் பார்த்து முடிவு செய்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

முதலில் வால்தம்ஸ்டோவில் டாக்டர் மனோ அக்காவின் கதவைத் தட்டினேன். கோட்டும் கையுமாக வந்தார்.

"நீர் ஆர் பிள்ளை?"

"அக்கா, நீங்கள் மாணவத் தலைவியா இருக்கேக்கை நான் ஆறாம் வகுப்பு. பிந்தி வந்ததுக்கு என்னை வெயிலிலை நிக்க விட்டனீங்கள்."

"கனபேரை விட்டனான்," என்றார் பெருமையாக. "எனக்கு ஷிப்டுக்கு நேரமாகுது. நீரே எழுதிக்கொண்டு வாரும், கையெழுத்து வைக்கிறன்."

ஆர்ச்வே கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த இன்னொரு அக்காவும் இதையே சொன்னார்.

இரண்டையும் நானே எழுதினேன். இரண்டும் ஒரே கையெழுத்தாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அதனால் மனோ அக்காவின் கடிதத்தை இடது கையால் எழுதினேன். (டாக்டர் எழுத்துத்தானே, எப்படி இருந்தாலும் நம்புவார்கள்.) ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் பிடித்தது. கவனம் முழுவதும் 'ழ'வின் சுழியில் இருந்ததே தவிர, என்ன எழுதுகிறேன் என்பதில் இல்லை. அக்கா வாசிக்காமலே கையெழுத்திட்டார்.

விருந்தன்று கூறைச் சேலை உடுத்து (குளிருக்கு உள்ளே இரண்டு சோடி காலுறை) போய் உட்கார்ந்தேன். கூட்டிவந்த கணவர் தேநீர்க் கோப்பையுடன் பின்னால் நின்றார். சங்கத் தலைவி மனோ அக்காவின் கடிதத்தைப் பிரித்து, முப்பது பெண்கள் முன்னிலையில் உரத்து வாசித்தார்.

"இவரைச் சிறு வயது முதல் அறிவேன். கெட்டிக்காரி. மிகவும் அடக்கமானவர். தன்னைப் பற்றி ஒருபோதும் பெருமை பேசமாட்டேன்."

நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். "மாட்டேனோ, மாட்டாரோ? மனோ, இது நீர் எழுதினதோ?"

மனோ அக்காவின் வாயில் முழு மட்டன் ரோல். தலையை ஆட்டினார். ஓமா, இல்லையா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"அக்கா அவசரத்திலை எழுதினவ," என்றேன் வேர்த்து வழிய.

"ஓம், பஸ்ஸுக்குள்ளை நிண்டு எழுதினமாதிரித்தான் கிடக்கு," என்றார் தலைவி.

என் மரியாதையைக் காப்பாற்றக் கணவர் பாய்ந்து வந்தார். "இல்லையக்கா! இவ பகல் முழுக்க மேசையிலை இருந்து, இடக்கையாலை எல்லோ எழுதினவ!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மனோ அக்காவுக்குப் புரையேறியது. நான் சேலைத் தலைப்புக்குள் புகுந்துகொள்ள இடம் தேடினேன்.

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இடக்கையாலை எழுதியெண்டாலும் வரவேணுமெண்டு நிண்ட பிள்ளை. இவவை விட ஏலாது."

சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பத்து வருடங்களுக்குப் புதிதாக வந்தவர்களின் கடிதமெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. கணவர் இந்தக் கதையை எந்த விருந்திலும் விட்டுவைத்ததில்லை. இன்றும் என் சமையலை நானே ஒரு வார்த்தை மெச்சினால் போதும், மகள் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொள்வாள்.