மூக்கடைப்பிலும் மணம் கண்டவர்

மூக்காளர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. ஒயின் விளையும் ஊர்களில் செழித்து வளரும். எந்தப் பூச்சிமருந்துக்கும் சாகாது. பிரான்சின் அல்சாஸ் மலையடிவாரத்தில், எங்கள் ஊரில், இந்த இனத்தின் தலைவர் பெர்ட்ரான் ஸ்டோஃபெல், ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர். கோப்பையின் தண்டைப் பிடித்துச் சுழற்றி, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "இருங்க, அவசரப்படாதீங்க" என்பார். அவசரப்பட்டது யார்? யாருமில்லை. வந்தவர்களுக்குத் தாகம், அவ்வளவுதான்.

ஒடீல் கிளாட்ஸுக்கு ரசாயனமே படாத ஒரு சின்னத் திராட்சைச் சரிவு இருந்தது. அவள் ஒயின் வெள்ளை; துளியும் இனிக்காது, ஆனால் தக்கையை எடுத்ததும் ரோஜா இதழ் வாசம் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வசந்தத்தில் உறைபனி பாதிக் கொடிகளைத் தின்றுவிட்டது. கையிலிருக்கும் ஒயினை யாராவது மொத்தமாக எடுக்காவிட்டால், சரிவை மருந்தடிக்கும் பக்கத்துத் தோட்டக்காரனுக்குக் குத்தகைக்கு விட வேண்டியதுதான். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்திலிருந்து உணவக முதலாளி ரெமோன் ஃபிஷ்பாக் அவள் நிலவறைக்கு ருசிபார்க்க வந்தார். அழைக்காமலே ஸ்டோஃபெலும் வந்தார். கூடவே மனைவி மார்த், கூடவே கடும் ஜலதோஷம்.

"அண்ணே, மூக்கு தக்காளியாட்டம் இருக்கே, வீட்டுல படுத்திருக்கக் கூடாதா?" என்றாள் ஒடீல்.

"கலை படுக்காது, ஒடீல்மா."

மார்த் அவள் காதைக் கடித்தாள். "காலையில பால் தீஞ்சு வீடெல்லாம் புகை. இந்த மனுசன், 'வெளிய மேகமூட்டமா?'ன்னு கேக்கறார்!"

ஒடீல் ஊற்றினாள். ஊற்றும்போதே வாசத்தில் தெரிந்துவிட்டது, தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்த புட்டி. சொல்ல வாய் திறப்பதற்குள் ஸ்டோஃபெல் கோப்பைக்குள் இறங்கிவிட்டார்.

"ஆஹா! மழை நனைச்ச கருங்கல். பழைய தேவாலயக் கதவு. தூரத்துல, ரொம்பத் தூரத்துல, ஒரு லிச்சிப்பழம்!"

ரெமோன் முகர்ந்தார். சுளிக்கத் தொடங்கிய முகம் பாதிவழியில் திரும்பி ரசனையாயிற்று. "ஆமா, கல்லு தெரியுது. கதவுகூடத் தெரியுது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாபாரம் முடிந்தது. ஒடீல் கணக்கு நோட்டை எடுக்கக் கையும் நீட்டினாள். ஆனால் குனிந்து குனிந்து களையெடுத்த முதுகு சுருக்கென்றது. இந்த நாற்றத்துக்கா அத்தனை பாடு?

"கல்லும் இல்ல, கதவும் இல்ல. புட்டி கெட்டுப்போச்சு. நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம்" என்றவள், இரண்டு கோப்பைகளையும் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அடுத்த புட்டி திறந்தது. ரெமோன் இம்முறை பேசத் துணியவில்லை, குடித்தார். மறுபடி கோப்பையை நீட்டினார். அதையும் குடித்துவிட்டு, "அவ்வளவும் எனக்கே. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார். ஒடீல் பீப்பாய்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்டோஃபெல்? சுழற்றினார், முகர்ந்தார். ஒன்றுமே வரவில்லை. வாழ்வில் முதல்முறையாகச் சும்மா விழுங்கினார்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் மார்த்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றார், பரிதாபமாக.

அவர் சொன்ன ஒரே உண்மையான விமர்சனம் அதுதான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அடுத்த விருந்தில் யாராவது ஒரு கோப்பையை நீட்டி "எப்படி?" என்று கேட்கும்போது, உங்கள் கண்கள் தாமாக மூடிக்கொண்டால் மருத்துவரிடம் ஓடாதீர்கள். அது நோயில்லை, இனம்.