கல்யாணத்துக்குப் பிடித்து வைத்த தண்ணீர்

சுவா, புதன்கிழமை

கந்தாவுத் தீவில் இருக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் பௌலியாசி அவர்களுக்கு, உங்கள் தங்கை மெரெசேயினியின் புருஷன் அபிசாய் எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே நாங்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும், சனிக்கிழமை கல்யாணப் பெண்ணாகப்போகும் மருமகள் சலோட்டேயும், உங்கள் பன்றிகளும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போன் மாமரத்து உச்சியில்தான் பேசும். நீங்கள் மரமேறுவதை விட்டு வெகுகாலம் ஆயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தில் யங்கோனா வேர்ப்பொடி கரைத்துக் குடிக்க மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறீர்களாமே, நான் கொடுத்த டிரம்மில்? நேற்றுச் சாப்பிடும்போது உங்கள் தங்கை பெருமையாகச் சொன்னாள். மச்சான், அதில் ஒரு சொட்டுக்கூட யாரும் குடிக்கக் கூடாது. எங்கள் பெயிண்ட் தொழிற்சாலையில் இயந்திரம் கழுவிய அழுக்குத் தின்னர் இருந்த டிரம் அது. எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் விஷம் போகாது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டும் சேர்ந்து நோயில் படுத்துவிடும்.

"பின்னே ஏன் குடுத்தீங்க?" என்பீர்கள். நான் என்ன செய்வேன்? நீங்கள் அல்லவா வந்து கெரேகெரே என்றீர்கள்? சொந்தக்காரன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்ல நம்மில் எவனுக்கு வாய் வரும்? அபாயக் கழிவுக்குப் பொறுப்பாளன் என்று எனக்கு மஞ்சள் சட்டை மாட்டிவிட்ட நாள்முதல் இதே பாடு. காலியான விஷ டிரம்களை இறுக்கி மூடி மறுசுழற்சிக்காரர்களின் லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் என் வேலை, ஆனால் லாரிக்கு முன்னால் சொந்தக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். பயப்படட்டும் என்று மண்டையோட்டுப் படம் ஒட்டினேன். போதகர் எலியாசா வந்து, "அந்த மண்டையோடு போட்டதாப் பாத்துக் குடுப்பா, எவனும் திருட மாட்டான்" என்றார். சரி, ஓட்டை போட்டால் எவனும் சீந்த மாட்டான் என்று ஒவ்வொன்றிலும் அடிப்பக்கம் ஓட்டை போட்டேன். நீங்கள் வந்தீர்கள். "உக்கார ஒண்ணு வேணும் மச்சான், ஓட்டையா இருந்தா என்ன?" என்றீர்கள். உட்காரத்தானே என்று நம்பிக் கொடுத்தேன். இப்போது அந்த ஓட்டையில் குழாய் மாட்டியிருக்கிறீர்களாம்! "எங்கண்ணன் மூளையே மூளை" என்கிறாள் உங்கள் தங்கை. போன வாரம் லாரி வந்து வெறுமையாகத் திரும்பியது. மேனேஜர் உஷா மேடம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அபிசாய், நம்ம விஷமெல்லாம் எங்கய்யா?" என்று கேட்டார். "நல்ல குடும்பங்கள்லதான் இருக்கு மேடம்" என்றேன். எனக்கு அலுத்துவிட்டது, மச்சான். ராஜினாமா செய்யலாம் என்றால் அந்த மஞ்சள் சட்டையையும் யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். குழாயை அடைத்து, மூடியை இறுக்கி, டிரம்மைத் தண்ணீரோடு அப்படியே கேப்டன் ஜோவேசாவின் படகில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள், அந்தத் தண்ணீரும் இப்போது கழிவுதான். யங்கோனாவுக்கு ஓடைத் தண்ணீர் போதும். இனிமேல் யார் வந்து கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன், இது சத்தியம்.

மருமகளும் மாப்பிள்ளையும் பிள்ளைகுட்டிகளோடு நீண்டகாலம் வாழக் கர்த்தர் அருளட்டும். உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
அபிசாய்

பி.கு.: கடிதத்தைக் கொடுக்கத் துறைக்கு வந்தேன். கேப்டன் ஜோவேசா என் அம்மா வழிச் சொந்தம் என்பதை மறந்து தொலைத்தேன். டிரம் வரும் என்று நான் சொன்னதும், "என்னது, டிரம் தண்ணியோடயே வருதா? கெரேகெரே அபிசாய், படகுல ஆளுங்க குடிக்கத் தண்ணியே இல்ல" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே எதையும் அனுப்பாதீர்கள். நானே இதே படகில் ஏறிவிட்டேன், டிரம்மை நானே பார்த்துக்கொள்கிறேன். கரையில் என்னைக் கண்டதும் வாயைத் திறக்காதீர்கள், மச்சான். முதலில் இதைப் படியுங்கள். நேரில் நீங்கள், "கல்யாணம் முடியற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சரி என்றுவிடுவேன்.