கண்காட்சி கண்டு திரும்பியவர்

இந்தக் கோடையில் நம் பாரிஸில் ஒரு புது இனம் பெருகியிருக்கிறது. கண்காட்சி கண்டு திரும்பியவர் என்று பெயர். ஆற்றங்கரையில் பல நாட்டுக்காரர்கள் மண்டபம் கட்டி, நவீன ஓவியம், நவீன வீடு, நவீன சாம்பல் கிண்ணம் என்று பரப்பி வைத்திருக்கிறார்களே, அங்கே ஒரே ஒரு தடவை போய், கால் கடுக்க நடந்து, பாதி நேரம் சாப்பாட்டு வரிசையில் நின்று, வீடு திரும்பியதும் சொந்த வீட்டையே அருவருப்போடு பார்ப்பவர். "கோடு நேரா இல்லையே" என்பார். எதில்? எல்லாவற்றிலும். ரொட்டியில்கூட.

என் கீழ்வீட்டு முசியே ப்ருவோ இந்த இனத்தில் உயர்ந்த ரகம். வந்ததும் வராததுமாக அவர் கண் பட்டது மனைவி லெயோந்தீனின் வெல்வெட் நாற்காலி மேல். அவள் அப்பா கொடுத்தது. அவளுடைய இடுப்பு வலிக்கு இருந்த ஒரே ஆறுதலும் அதுதான்.

"இதுக்கு எதுக்கு சிங்கக் கால்? நடக்கப்போகுதா?"

"நடக்காது. என்னைத் தாங்கும். நீங்க தாங்குவீங்களா?"

"அலங்காரமெல்லாம் பொய், லெயோந்தீன். உட்காருறதுதான் உண்மை."

"அப்போ உட்கார விடுங்களேன்!"

விட்டாரா? நாற்காலி கீழே, கட்டட வாசலைக் காத்து எல்லோர் தபாலையும் வாங்கி வைக்கும் வாசல்காரி மதாம் கஸ்நாவின் அறைக்குப் போய்விட்டது. அதன் இடத்துக்கு ஓர் இரும்பு நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்த விருந்தாளி யாரும் இரண்டாவது காபி கேட்டதில்லை. லெயோந்தீன் சமையலறையில் விறகுப் பெட்டி மேல் உட்காரத் தொடங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ப்ருவோவுக்குத் தபால் மேல் திடீர் அக்கறை பிறந்தது. சாப்பிட்டதும், "கடுதாசி வந்திருக்கான்னு பார்த்துட்டு வரேன்" என்று கீழே இறங்குவார். திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அவருக்கு யார் இவ்வளவு எழுதுகிறார்கள்?

நேற்று லெயோந்தீனும் இறங்கினாள். நான் சும்மா இருப்பேனா, பின்னாலேயே போனேன். வாசல்காரி அறையில், வெல்வெட்டில் புதைந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார் நவீன மனிதர்.

"எழுந்திருங்க."

"நான்... பழைய ரசனையில என்ன கோளாறுன்னு ஆராய்ஞ்சுக்கிட்டிருந்தேன்."

"மேல போய் ஆராயுங்க. அங்கே எல்லாம் நேரா இருக்கு."

அவர் போனார். அவள் உட்கார்ந்து கண்ணை மூடினாள். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே மனம் நிறைந்தது.

"நாற்காலியை மேல அனுப்பிடட்டுமா, மதாம்?" என்றாள் வாசல்காரி.

"வேண்டாம்மா. மேல அவர் இருக்கார்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் நீங்களும் கண்காட்சிக்குப் போய் வந்ததாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டு அம்மாள் இப்போது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். காணோமா? வாசல்காரியிடம் விசாரியுங்கள்.