உயிருள்ள புழு எதுவும் இல்லை

"ஒரு கண்டிஷன்," என்றாள் அவள்.

"சொல்லு."

"குழந்தைப் பேச்சை நான் எடுக்கிற வரைக்கும் நீங்க எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

"ஜாடைமாடையாக்கூட."

"ஜாடையும் கிடையாது, மாடையும் கிடையாது. போதுமா?"

கல்யாணமான மூன்றாம் நாள் நடந்த பேச்சு. நாலு வருடம் ஓடிவிட்டது. அவர் கொடுத்த வாக்கை அணுவளவும் மீறவில்லை. பொம்மைக் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்ப்பார். சக ஊழியர் தன் கைக்குழந்தையை மடியில் வைத்தால், அவசரக் கோப்பைப்போல உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆசை மட்டும் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, எழுந்து போக மறுத்தது.

இன்று காலை, சுகாதார அலுவலகத்தில் கையில் ஒரு துண்டுச்சீட்டோடு உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பழைய பேச்சு வார்த்தைக்கு வார்த்தை அவர் காதில் ஒலித்தது.

அவருக்குத் தெருவில் கொசு ஆபீசர் என்று பெயர். டார்ச் லைட்டும் ஒரு நீளக் கரண்டியுமாக வீடு வீடாகப் போய், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளிர்பெட்டியின் பின்பக்கம் என்று தண்ணீர் தேங்கும் இடத்தையெல்லாம் துழாவி, புழு நெளிந்தால் சின்ன பாட்டிலில் பிடித்து அடைத்து, வீட்டுக்காரர் கையில் நோட்டீசைத் திணிப்பார். அப்பேர்ப்பட்டவருக்கே போன மாதம் டெங்கு வந்தது. கூடவே, மாடி அறையில் இருக்கும் மாமனாருக்கும் வந்தது. ஆராய்ந்து பார்த்ததில், மாமனார் ஜன்னலோரம் வைத்திருந்த செடித்தட்டில்தான் அத்தனை கொசுவும் பிறந்திருக்கிறது. ஊர் சிரித்த சிரிப்பில் காய்ச்சலே பரவாயில்லை என்று ஆகிவிட்டது அவருக்கு.

அலுவலக வாசலில் ஒரு கேள்விப் பெட்டி உண்டு. டெங்கு பற்றி யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் கேட்கலாம். பதில் எழுதுவது கொசு ஆபீசரின் வேலை. பெரும்பாலும், 'பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்போது நோட்டீஸ் கொடுப்பீர்கள்?' என்ற கேள்விதான் வரும். இன்று வந்தது வேறு ரகம்.

'டெங்கு வந்து குணமான ஆண் எத்தனை நாள் கழித்துக் குழந்தைக்கு முயற்சி செய்யலாம்? வீட்டில் பேசக் கூச்சமாக இருக்கிறது.'

எழுத்தை அடையாளம் தெரியாதபடி குச்சி குச்சியாக எழுதியிருந்தார்கள். ஆனால் சீட்டைத் திருப்பினால், 'வலது கண், இடது கண்' என்று அச்சடித்த கட்டங்கள். அவர் மனைவி லென்ஸ் பொருத்தும் மூக்குக்கண்ணாடிக் கடையின் சீட்டு! அவர் வீட்டில் மளிகைக் கணக்கிலிருந்து பால்காரருக்குக் குறிப்பு வரை எல்லாம் அந்தச் சீட்டில்தான். டெங்கு வந்து எழுந்த ஆணும் கண்ணாடிக் கடைச் சீட்டும் ஒன்றாக இருக்கிற வீடு, அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"கேட்டுட்டா!" என்று வாய்விட்டுச் சொன்னார் கொசு ஆபீசர்.

"யாரு சார் கேட்டா?" என்றார் மைக் அண்ணன். அலுவலக வேனில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் அறிவிப்புச் செய்கிறவர்.

"பொதுமக்கள்," என்றார் ஆபீசர்.

பதில் தெரியவில்லை. கொசுவின் பிறப்பு வளர்ப்பெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனிதன் விஷயத்தில் அவ்வளவு போதாது. மதியமே டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"என் நண்பர் ஒருத்தருக்கு ஒரு சந்தேகம் டாக்டர்."

"சொல்லுங்க."

"அவருக்கு டெங்கு வந்து போச்சு. அதனால குழந்தை பிறக்கறதுல ஏதாவது கோளாறு வருமா?"

"நண்பருக்கு எப்போ காய்ச்சல் விட்டது?"

"போன மாசம் பன்னிரண்டாம் தேதி."

"உங்களுக்கும் அன்னைக்குத்தானே விட்டது?"

"ஒரே கொசு டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க நண்பர்கிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. டெங்கு உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிட்டுத்தான் போகும். ரத்தத்துல தட்டணு குறையும். காய்ச்சல் விட்டப்புறமும் சில வாரம் அசதி இருக்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு சிலருக்குத் தலைமுடி கொட்டும், திரும்ப முளைச்சிடும்."

"எங்க மாமனாருக்கு இப்பவே ஆரம்பிச்சிடுச்சு. கண்ணாடி முன்னாடியே நிக்கிறார்."

"உங்க நண்பருக்குமா ஒரே மாமனார்?"

ஆபீசர் இருமினார்.

"விஷயத்துக்கு வரேன். அவ்வளவு சூட்டுல காய்ச்சல் அடிச்சா, விந்தணுவோட எண்ணிக்கையும் வேகமும் கொஞ்ச நாளைக்குக் குறையலாம். புதுசா ஒரு அணு உருவாகி வெளியே வர ரெண்டரை, மூணு மாசம் ஆகும். அதனால காய்ச்சல் விட்டு மூணு மாசம் போனா, பெரும்பாலும் பழையபடி ஆகிடும்."

"கொசுவுக்கு முட்டையிலேருந்து பறக்க பத்து நாள் போதும் டாக்டர்."

"அதான் அதுங்க அவ்வளவு இருக்கு."

அவர் குறிப்பெடுத்தார். ஆர்வம் பற்றிக்கொண்டுவிட்டது. "பொம்பளைங்களுக்கு?"

"காய்ச்சல் சமயத்துல மாதவிலக்கு வந்தா ரத்தப்போக்கு அதிகமா இருக்கலாம், உடனே காட்டணும். கர்ப்பமா இருக்கும்போது வந்தாத்தான் ரொம்பக் கவனம். குறைமாசத்துல பிறக்கலாம், எடை குறைவா இருக்கலாம். பிரசவ நேரத்துல வந்தா குழந்தைக்கும் தொத்தலாம். அதனால பிள்ளை வேணும்னு நினைக்கிற வீட்டுல முதல்ல செடித்தட்டைக் கவுத்து வைக்கணும்."

"கவுத்தாச்சு."

"ஆணோட விந்துல கொஞ்ச நாளைக்கு வைரஸோட தடயம் இருக்கிறதாவும் சில ஆய்வு சொல்லுது. இன்னும் முழுசா தெரியலை, பார்த்துக்கிட்டிருக்காங்க. எதுக்கும் கொஞ்சம் பொறுக்கறது நல்லது. உங்க நண்பருக்கு ரொம்பக் கவலைன்னா ஒரு மாதிரி கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்க."

மாதிரி! அந்த வார்த்தை அவருக்குப் பழகிய வார்த்தை. வாழ்க்கை முழுக்க மாதிரி எடுத்தே பிழைத்தவர். பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வெட்கமாக இருந்ததால், மறுநாள் காலை வீட்டிலேயே, தனக்கு வாகான அலுவலகப் பாட்டிலில் புதிதாக ஒன்றை எடுத்து வேலையை முடித்தார். அது அவர் செய்த முதல் தவறு. வழியில் ஒரு வீட்டுத் தொட்டியில் புழு நெளிவதைக் கண்டு, பழக்க தோஷத்தில் அதையும் பிடித்து அதேபோன்ற இன்னொரு பாட்டிலில் அடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது இரண்டாவது தவறு.

பதினோரு மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பெண் போன் செய்தாள்.

"சார், உங்க மாதிரியைப் பார்த்தோம்."

"எப்படிம்மா இருக்கு?"

"அசைவெல்லாம் அபாரமா இருக்கு சார்."

கொசு ஆபீசருக்கு மனம் குளிர்ந்தது. "எண்ணிக்கை?"

"பதினாலு."

"பதினாலு கோடியா?"

"இல்லை சார், பதினாலு. மைக்ராஸ்கோப்பே தேவைப்படலை. தலை, வாலு, மீசைகூட தெரியுது. ஒண்ணு என்னையே பார்க்குது சார்."

ஆபீசர் போனை வைத்தார். தடதடவென்று பூச்சிப் பிரிவுக்கு ஓடினார். மேசையில், அவர் காலையில் அங்கே கொடுத்துவிட்டுப் போன பாட்டில் காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பூச்சி நிபுணர் அறிக்கையை நீட்டினார்.

"நம்ம வட்டாரத்துலேயே இவ்வளவு சுத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை. பாராட்டுக் கடிதம் கொடுக்கலாம். எந்த வீட்டுத் தொட்டி சார் இது?"

அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தது: 'உயிருள்ள புழு எதுவும் இல்லை. அச்சப்படத் தேவையில்லை.'

பூச்சி நிபுணர் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியில்தான் பார்த்திருப்பார், அதில் ஒன்றும் தெரியாது என்பது ஆபீசரின் புத்திக்குத் தெரிந்தது. மனசுக்குத் தெரியவில்லை. 'எதுவும் இல்லை' என்ற இரண்டு வார்த்தை நெஞ்சில் வந்து குந்திக்கொண்டது. மறுபடி மாதிரி கொடுத்து, இந்தத் தடவை சரியான டப்பியில் கொடுத்து, எண்ணிக்கை கொஞ்சம் குறைவுதான், மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

புதன்கிழமை, கேள்விக்குப் பதிலை எழுதினார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் கடைக்குப் போகிற வழியில் மனைவி படிப்பாள். வாக்கும் மீறியதாகாது, கேட்டது அவள், பதில் சொல்வது அரசாங்கம். அதோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

ஒலிபெருக்கியில் போகும் அறிவிப்பும் பலகையில் ஒட்டும் அறிவிப்பும் ஒரே மேசையில்தான் இருக்கும் என்பதை அவர் மறந்துபோனார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் மனைவி ஒரு பெரியவரின் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் வேன் வந்து நின்றது. மைக் அண்ணனின் கணீர் குரல் தெருவை நிறைத்தது.

"பொதுமக்கள் கவனத்திற்கு! டெங்கு வந்து குணமான ஆண்கள், குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன் மூன்று மாதம் பொறுப்பது நல்லது. அணுக்கள் குறைவது தற்காலிகமே. கலங்க வேண்டாம். இதனைக் கேட்ட அன்பு உள்ளத்துக்கு ஒரு சேதி: பதில் எழுதியவருக்கு முழுச் சம்மதம்! முழுச் சம்மதம்! இப்படிக்கு, கொசு ஆபீசர்!"

பெரியவர் கண்ணாடி இல்லாத கண்ணால் அவளைப் பார்த்து, "வாழ்த்துகள்மா," என்றார்.

ஆபீசர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாடிப்படியில் மாமனார் பாதி இறங்கி நின்றார். மாமனாருக்கு ஐம்பது ஆக இன்னும் ஆறு மாதம். லிப்ட் பழுது பார்க்கிறவர். மனைவி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மகளே உலகம் என்று இருக்கிறவர்.

"ஏங்க, குழந்தைப் பேச்சை எடுக்காதீங்கன்னா, மைக் வச்சா எடுப்பீங்க?"

"நான் எடுக்கலையே! நீதானே கேட்டே?"

"நான் எங்க கேட்டேன்?"

அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். அவள் வாங்கிப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"இது எங்க கடைச் சீட்டுதான். ஆனா நான் எழுதலை."

"எழுதலையா?"

"சத்தியமா இல்லை."

கொசு ஆபீசர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்க முழுச் சம்மதம் என்று அறிவித்தாயிற்று. கேட்டது யாரோ! "மன்னிச்சிடும்மா. நீ நாலு வருஷம் கழிச்சுக் கேட்டுட்டியேன்னு கண்ணு மண்ணு தெரியலை. டாக்டர்கிட்ட போனேன், லேபுக்குப் போனேன், பூச்சிப் பிரிவு வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"பூச்சிப் பிரிவுக்கு எதுக்கு?"

அவர் சொன்னார். பதினாலு என்ற இடம் வந்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாராட்டுக் கடிதம் வந்தபோது தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள், துடைப்பதை உடனே நிறுத்தவில்லை.

"இவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டா நாலு வருஷம் சும்மா இருந்தீங்க?"

"நீதானே கண்டிஷன் போட்டே."

"அன்னைக்கு எனக்கு இருபத்து மூணு வயசு. கடையில சேர்ந்து ஒரு மாசம்தான். பயத்துல ஏதோ சொன்னேன். அதையே சட்டமா வச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூட ஏறெடுத்துப் பார்க்காம இருந்தா, நான் என்ன நினைக்கிறது? இந்த மனுஷனுக்குப் பிள்ளைங்கன்னாலே ஆகாதுபோலன்னு வாயை மூடிக்கிட்டேன்."

கொசு ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நாலு வருடம் உள்ளே குந்தியிருந்த ஆசை மெல்ல எழுந்து நின்றது.

"எனக்கு ஒரு குழந்தை வேணும்மா. உன்னை மாதிரி."

"மைக் இல்லாமலும் சொல்ல வருதே!" என்றாள் அவள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "மூணு மாசத்துல ஒண்ணு போச்சு. இன்னும் ரெண்டு."

"அது சரி," என்றார் அவர், சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு. "அப்போ இதை எழுதினது யாரு?"

படியில் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமனார், புதிதாகக் கறுத்திருந்த மீசையைத் தடவிக்கொண்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னார்:

"ஆஸ்பத்திரியில எனக்கு தினமும் ஊசி போட்டாங்களே அந்த நர்ஸம்மா, அவங்களுக்குச் சம்மதம்தான் மாப்பிள்ளை, எனக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைங்க."