சாரோட ஊர்க் கோபுரத்தை நான் நிமிர்த்தின கதை

போன மாசம் எனக்கு வந்த வேலை ஒண்ணே ஒண்ணு. பர் துபாய் போய் ஒரு போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு, பிரேம் பண்ணி வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

எங்க சைட் மேனேஜர் ஜெர்மன்காரர். வேலை முடிஞ்சு ஒரேயடியா ஊருக்குக் கிளம்புறார். ஊர் பேரு லூனபர்க், வடக்கு ஜெர்மனியில இருக்கு. அந்த ஊர்த் தெரு போட்டோவையே பரிசா குடுக்கலாம்னு நாங்க தங்கியிருக்கிற லேபர் கேம்ப்ல எல்லாரும் பேசி, பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. நான் மேஸ்திரி ஆச்சே!

இந்த சார் இருக்காரே, நான் எழுப்புற ஒவ்வொரு செவுத்துக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். துளி சாஞ்சிருந்தாலும் "செல்வம், பிரேக் இட்"னுட்டு நடந்துடுவார். கட்டினதை விட நான் இடிச்சதுதான் அதிகம். போறப்பவாவது அவர் வாயால ஒரு "குட்" வாங்கிடணும்னு எனக்கு வெறி.

கடையில போட்டோவைக் கம்ப்யூட்டர்ல பெருசாக்கினதும் பகீர்னுச்சு. சர்ச் கோபுரம் சாஞ்சு நிக்குது. பக்கத்து வீடுங்க தொப்பையைத் தள்ளிக்கிட்டு நிக்குது.

இதைக் குடுத்தா சார் பிரேமையே இடிக்கச் சொல்வார்!

எல்லாத்தையும் நிமிர்த்துங்கன்னேன். போட்டோவே அப்படித்தான் இருக்கு, விட்டுடுங்கன்னு கடைக்காரர் ஹிந்தியில கெஞ்சினார். நான் விடுவேனா? ஸ்கிரீன்லயே ஸ்கேல் வச்சு, கோபுரம், வீடு, ஜன்னல்னு ஒண்ணு விடாம நேராக்க வச்சேன். கடைசியில "கலாஸ் பாய்", முடிஞ்சுதுப்பான்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டார்.

வழியனுப்புற பார்ட்டியில சார் பேப்பரைப் பிரிச்சுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடியும் பார்த்தார். இது எந்த ஊர்னு கேட்டார்.

"உங்க ஊர்தான் சார்."

"எங்க ஊர்ல இவ்வளவு நேரா எதுவுமே கிடையாதே செல்வம்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். ஊருக்கு அடியில உப்பாம். நூத்துக்கணக்கான வருஷமா அதை எடுத்து வித்தே பணக்கார ஊர் ஆயிருக்கு. உப்பு போன இடம் உள்வாங்கி, மேல இருந்த வீடெல்லாம் சாஞ்சிடுச்சாம். கோபுரமும் காலங்காலமா கோணல்தானாம். அதைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரங்க வர்றாங்களாம்.

இப்படி ஒரு ஊர்ல பிறந்துட்டுத்தானா என் செவுத்துக்குத் தூக்குக்குண்டு விட்டீங்கன்னு கேட்க நாக்கு துடிச்சுது. ஆனா மொத்த கேம்பும் என்னைப் பார்த்துச் சிரிக்குது. மானம் போயிடுச்சு. சார் என் தோளைத் தட்டிட்டு, பிரேமைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார்.

போன வாரம் அவர் வீட்டுச் செவுத்தோட போட்டோ வாட்ஸ்அப்ல வந்துச்சு. பிரேமை வேணும்னே சாய்ச்சு மாட்டியிருக்கார். கோபுரம் கரெக்டா சாஞ்சு நிக்குது. கீழ "நவ் குட், செல்வம்"னு ஒரு வரி.

இத்தனை வருஷம் நேரா கட்டி வாங்க முடியாத "குட்"டை, கோணலா தொங்குற ஒரு படத்தால வாங்கிட்டேன்.