இஞ்ஞாசி மாற்றிய கேஸ்

இந்த டிசம்பரில் மலாக்கா போவதில்லை என்று இஞ்ஞாசி முடிவெடுத்துவிட்டார். அதை மனைவி லொரைனிடம் சொல்லத்தான் துணிச்சல் இல்லை. மலாக்காவில் இருப்பது அவளுடைய அண்ணன் வேய்ன். காலையில் கராவோகே மைக்கைப் பிடித்தாரென்றால், விருந்தாளியின் காது செத்த பிறகுதான் கீழே வைப்பார்.

நல்லவேளையாகக் கார் ஏசி முந்திக்கொண்டு செத்துப்போனது.

கிழட்டுக் கார். அதன் ஏசியைக் குளிரவைக்கும் பழைய கேஸ் இப்போது கடையில் கிடைப்பதில்லை. புதுக் கேஸுக்கு மாற்ற வேண்டுமென்றால் பழைய ஆயிலை வடிக்கணும், ரப்பர் வளையம் அத்தனையும் மாற்றணும். பாசிர் ரிஸ்ஸில் தன் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கில் பானெட்டைத் திறந்து, பாதி ஏசியைக் கழற்றிப் பேப்பர்மேல் பரப்பினார்.

“என்னங்க இது? அடுத்த வாரம் மலாக்கா போகணும்லா?”

“ஏசி இல்லாம எப்படிம்மா போறது? வழியிலயே வெந்துருவோம்.”

“வொர்க்‌ஷாப்ல குடுங்களேன்.”

“என் காரை இன்னொருத்தன் தொடுறதா? நானே பார்த்துக்கிறேன். ஆனா இது சீக்கிரம் முடியிற கேஸ் இல்ல. இழுக்கும்.”

லொரைன் சண்டை போடவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் மீன் சம்பாலைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: “நாம போக முடியலன்னா என்னங்க? அண்ணன் குடும்பத்தையே இங்க வரச் சொல்லலாம்னு இருக்கேன்.”

இஞ்ஞாசிக்குப் புரையேறியது. “இங்கயா? எத்தனை நாளு?”

“புது வருஷம் முடியற வரைக்கும். மைக், ஸ்பீக்கர் எல்லாம் எடுத்துட்டு வரட்டும். நம்ம ரூம் அவங்களுக்கு. நீங்க ஹால்ல, ஸ்பீக்கர் பக்கத்துல படுத்துக்குங்க.”

மலாக்கா என்றால் இரண்டே நாள். இஞ்ஞாசி சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார்.

வேலைக்கு லீவு போட்டார். நண்பர் வெங்கட்டிடம் வேக்கும் பம்ப் இரவல் வாங்கினார். வளையங்களைப் பூட்டி, புது ஆயில் ஊற்றி, குழாயிலிருந்த காற்றை உறிஞ்சினார். பம்பை நிறுத்தியதும், இறங்கியிருந்த மீட்டர் முள் மெல்ல மேலே ஏறியது. எங்கேயோ லீக்! கழற்றிப் பார்த்தால் ஒரு வளையம் நசுங்கியிருந்தது. மாற்றினார். மறுபடி உறிஞ்சினார். “அந்தோணியாரே, இந்த முள்ளை மட்டும் பிடிச்சுக்கும்!” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முள் அசையவில்லை.

புதுக் கேஸை ஏற்றி, எஞ்சினைக் கிளப்பினார். முகத்தில் ஜில்லென்று அடித்தது காற்று. இஞ்ஞாசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஹால் பிழைத்தது, காது பிழைத்தது! லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மூச்சிரைக்கப் படியேறி ஓடினார்.

“லொரைன்! ஏசி ரெடி! நாமளே மலாக்கா போறோம். உடனே அண்ணனுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லு!”

லொரைன் நிதானமாகத் திரும்பினாள்.

“வரச் சொல்லலாம்னு இருக்கேன்னுதானேங்க சொன்னேன்? அண்ணன்கிட்ட இன்னும் எங்க சொன்னேன்? பெட்டி கட்டியாச்சு, கொண்டுபோய்க் கார்ல வைங்க.”