அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

எங்கள் கம்பெனி எடை மெஷின் செய்கிற கம்பெனி. காய்கறிக் கடை முதல் ஆஸ்பத்திரி வரை எங்கள் மெஷின்தான். எல்லாம் சரியாகவே எடை காட்டிக்கொண்டிருந்தன. அது நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ, போன வருஷம் ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள்.

அவர் மூன்று மாதம் ஒவ்வோர் அறையிலும் உட்கார்ந்து பார்த்தார். டெஸ்பாட்ச் செக்‌ஷனில் நான் கவருக்குத் தபால்தலை ஒட்டுவதை மட்டும் இரண்டு நாள் பார்த்துக் குறிப்பெடுத்தார். கடைசியில் நூற்றுப்பத்து பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: "இந்நிறுவனத்தில் பதவிகள் உள்ளன; பொறுப்பு இல்லை. ஒவ்வொரு பதவியுடனும் பொறுப்பு சேர்க்கப்படல் வேண்டும்."

நிர்வாகக் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. எப்படிச் சேர்ப்பது என்பதைப் பர்சனல் மேனேஜரிடம் விட்டார்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன். எல்லாப் பதவிக்கும் பின்னால் ஓர் அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'பொறுப்பு' என்று சேர்த்துவிட்டார். சேர்மன் (பொறுப்பு). நிர்வாக இயக்குநர் (பொறுப்பு). ஒரே வாரத்தில் பெயர்ப்பலகை, ரப்பர் ஸ்டாம்ப், விசிட்டிங் கார்டு எல்லாம் மாறின. நானும் டெஸ்பாட்ச் கிளார்க் (பொறுப்பு) ஆனேன். சர்க்குலரின் கடைசி வரியில் தண்டனையும் இருந்தது: 'பொறுப்பின்றி நடப்பவரின் பதவியிலிருந்து மேற்படி பொறுப்பு உடனடியாகப் பறிக்கப்படும்.'

ஆபீஸ் தமிழில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போட்டால், நிரந்தர ஆள் வரும்வரை நாற்காலியைப் பார்த்துக்கொள்கிறவர் என்று அர்த்தம். இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நூற்றுப்பத்து பக்கம் எழுதியவருக்கும் அதற்குக் கைதட்டியவர்களுக்கும்தான் தெரியவில்லை.

எனக்கே அது உறைத்தது லீவு கேட்கப் போனபோதுதான். வெள்ளிக்கிழமை என் ஒரே மகளுக்குக் கல்யாணம். புதன் முதல் சனி வரை நாலு நாள் லீவு எழுதிக்கொண்டு சூப்பரின்டெண்டிடம் போனேன்.

"அடடே, கல்யாணமா! ரொம்ப சந்தோஷம். ஆனா நான் கையெழுத்துப் போட முடியாதே."

"ஏன் சார்? போன மாசம் பல்வலிக்குக்கூட குடுத்தீங்களே?"

"போன மாசம் நான் சூப்பரின்டெண்ட். இப்ப பொறுப்பு. சர்வீஸ் ரூல் படிச்சதில்லையா நீங்க? பொறுப்புல இருக்கறவங்க அன்றாட வேலையைத்தான் பாக்கலாம். லீவு குடுக்கற அதிகாரம் நிரந்தர அதிகாரிக்குத்தான்."

"பதினெட்டு வருஷமா நீங்கதானே சார் நிரந்தரம்?"

அவர் மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பித்தளையில் அடைப்புக்குறி பளபளவென்று இருந்தது.

பர்சனல் மேனேஜரும் அதையே சொன்னார். விடுவேனா? நேரே நிர்வாக இயக்குநர் அறைக்குப் போனேன். அவரும் தன் பலகையைத்தான் காட்டினார்.

"அப்ப அந்த சர்க்குலரை வாபஸ் வாங்கிடுங்க சார்," என்றேன்.

"எனக்குத் தோணாமலா இருக்கும்? வாபஸ் வாங்க நிரந்தர அதிகாரி கையெழுத்து வேணுமே."

"போட்டப்ப யார் கையெழுத்து போட்டாங்க?"

"நான்தான். அப்ப நான் நிரந்தரம்."

"இப்ப கம்பெனியில நிரந்தரம் யாரு சார்?"

அவர் கூரையைப் பார்த்து நிதானமாக யோசித்தார். "யாரும் இல்ல. ஆனா பாருங்க, எவ்வளவு பொறுப்பா நடக்குது!"

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி கையில் இருந்த அழைப்பிதழ்க் கட்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பொண்ணுக்கு அப்பாவும் பொறுப்புதானா? நிரந்தர அப்பா எப்ப வருவாரு?"

மகள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவால்லப்பா, ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலம் வாங்க," என்றாள். பெற்றவன் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துபோகிற விருந்தாளியா? வேலை போனால் போகட்டும் என்று நாலு நாளும் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கல்யாணத்தில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

திங்கட்கிழமை போனால், மேஜைமேல் மெமோ. மெமோ கொடுப்பது எங்கள் கம்பெனியில் அன்றாட வேலை. அதற்கு யாரும் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை.

'தாங்கள் முன் அனுமதியின்றி நான்கு நாட்கள் பணிக்கு வாராதது பொறுப்பற்ற செயலாகும். எனவே தங்கள் பதவியிலிருந்து பொறுப்பு இதன்மூலம் பறிக்கப்படுகிறது.'

இந்த வயசில் வேறு எங்கே போய் வேலை தேடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பர்சனல் மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார்!" என்றார். என்னைத்தான்.

"வேலை போச்சா சார்?"

"அடைப்புக்குறி போச்சு சார்! ரூல் புக்கைப் பாத்துட்டேன். இன்னைக்குக் கம்பெனியிலயே நிரந்தரமான ஆள் நீங்க ஒருத்தர்தான். வாங்க, மேல வந்து உக்காருங்க."

நிர்வாக இயக்குநர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்ததும் சர்க்குலரை வாபஸ் வாங்கும் ஃபைலை என் முன்னால் விரித்து, தன் பேனாவையே மூடி கழற்றி நீட்டினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கையெழுத்துப் போடத்தான் பேனாவை வாங்கினேன். ஆனால் அது சுழல்நாற்காலி. சும்மா ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜன்னல் வழியாக ஊரே தெரிந்தது. ஃபைலில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி மூடிவைத்தேன்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றிருந்த சூப்பரின்டெண்டைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து வெளியே போனார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் ஈ காக்காய் இல்லை. இயக்குநர் இல்லை, சூப்பரின்டெண்ட் இல்லை, பட்டறையில் ஒருவர்கூட இல்லை. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டிருந்தார்கள். நேரத்துக்கு வேலைக்கு வந்த ஒரே ஆள், பொறுப்பற்றவன் என்று எழுத்துமூலம் சான்று வாங்கிய நான்தான்.

எனக்குப் புரியாதா? ஒரு மெமோ அடித்தால் போதும், அத்தனை பேரும் நிரந்தரம் ஆகிவிடுவார்கள். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார்கள்?

வருகைப் பதிவேட்டை எடுத்தேன். ஒருத்தர் விடாமல் எல்லார் பெயருக்கும் நேராக 'லீவு அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிர்வாக இயக்குநருக்கு மட்டும், பாவம், களைத்துப்போயிருப்பார் என்று இன்னும் பத்து நாள் சேர்த்துக் கொடுத்தேன்.